தவழாத பிள்ளையும் தரையில்லாத வீடும்

சின்ன வெங்காயம் நட்டு முடிந்திருந்த ஒரு வாரத்தில், கற்பிட்டி வீதியோரமாக ஆலங்குடாவுக்கு அப்பால் உள்ள ஒரு குடியிருப்பில் மாதர் சங்கக் கூட்டம் நடைபெற்றது. சுழற்சிக் கடன் கணக்குப் பார்த்து முடிந்த பின்னர், வேறு கேள்விகள் உண்டா என்று கேட்பது எமது வழக்கம். அநேகமாக விதை வெங்காயத்தின் விலை, தண்ணீர்ப் பம்புக்கு எண்ணெய், காணி உறுதி ஆகியவை பற்றித்தான் கேட்பார்கள். அன்று பின்வரிசையில் பேரனை மடியில் வைத்திருந்த ஓர் உம்மம்மா கேட்டது வேறு கேள்வி.

"மிஸ், என்ட மகள்ட புள்ளைக்கு பத்து மாசம் முடியப் போகுது. இன்னும் தவழேல்ல. குந்தி இருந்து அரக்கி அரக்கித்தான் போறான். இவன்ட தாயும் தவழேல்ல. முகாமில நான் அவளக் கீழ விடவே இல்ல. நான் செஞ்ச பிழை இவனுக்கும் வந்திட்டுதா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. அவரது மகள் 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் மன்னார்க் கரையிலிருந்து படகில் ஏற்றப்பட்டபோது ஐந்து மாதக் கைக்குழந்தை. வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறக்குறைய 75,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கே. வயலும் தோட்டமும் மாடும் விட்டு வந்தவர்கள் கிடுகுக் கொட்டில்களில் குடியேறினார்கள். கொட்டிலுக்குள் நாலு பேர் படுத்தால் ஐந்தாவது ஆள் குந்தியிருக்க வேண்டிய நிலை. மாரியில் தரை ஈரம். கோடையில் வெளியே மணல் சுடும். அந்தத் தாய் பிள்ளையை இடுப்பிலும் ஏணையிலுமாக வளர்த்தார். இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்ட அந்த மகள் எட்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர். தவழாத பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று யாரோ சொன்னதை இத்தனை வருடங்களாகத் தாய் மனதில் சுமந்து கொண்டிருக்கிறார். இப்போது பேரன்.

இந்தக் கேள்விக்கு அங்கேயே ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. படித்தும், குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டும் அறிந்தவற்றை இவ்விதழில் விரிவாக எழுதுகிறோம்.

உடம்பு எப்படிப் பழகுகிறது?

பிள்ளையின் உடம்பு மேலிருந்து கீழாகப் பலம் பெறுகிறது. முதலில் கழுத்து, பின்னர் தோளும் கையும், பிறகு முதுகு, அதன் பின்னர்தான் இடுப்பும் காலும். குப்புறப் படுக்க வைத்தால் மூன்று, நான்கு மாதமளவில் முழங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்கும். ஐந்து, ஆறு மாதத்தில் கைகளை நேராக நீட்டித் தாங்கும். உடம்பு பிரட்டத் தொடங்குவதும் இந்தக் காலத்திலேதான்.

அதற்கடுத்து வருவதைப் பார்த்துத்தான் அநேக தாய்மார் குழம்புகிறார்கள். பிள்ளை வயிற்றில் கிடந்தபடி மணிக்கூட்டு முள் போலச் சுற்றும். முன்னால் இருக்கும் கிலுகிலுப்பையைப் பிடிக்க எத்தனித்து, பின்னோக்கிப் போய் அழும். இதில் குறையொன்றும் இல்லை. அந்த வயதில் காலைவிடக் கைக்கே பலம் அதிகம். கை தரையைத் தள்ளுகிறது. உடம்பு பின்னால் போகிறது. கால் உந்தப் பழகியதும் வழி திரும்பிவிடும். பின்னர் கையையும் முழங்காலையும் ஊன்றி, முன்னும் பின்னுமாக ஆடும். இறால் கூண்டுக்குள் அகப்பட்ட மாதிரி ஒரு துடிப்பு; ஆனால் ஓரடியும் நகராது. சில நாட்களில் வலது கையும் இடது முழங்காலும், இடது கையும் வலது முழங்காலும் என்று மாறி மாறி எடுத்து வைக்கக் கற்றுக்கொள்கிறது. மூன்று இடத்தில் ஊன்றி ஒன்றை மட்டும் தூக்குவதைவிட இப்படிக் குறுக்காக இரண்டிரண்டாக எடுத்து வைப்பது கெதி. அதேவேளை உடம்பும் சரியாது.

எல்லாப் பிள்ளைகளும் இந்த ஒழுங்கில் போவதில்லை. அமெரிக்காவில் கரென் அடொல்ஃப் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 28 பிள்ளைகளை வாரக்கணக்காகப் பின்தொடர்ந்து 1998இல் எழுதிய ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் முதலில் வயிற்றால் ஊர்ந்தார்கள். மீதிப் பேர் ஊராமல் நேரே முழங்காலில் தவழ்ந்தார்கள். வயிற்றால் ஊர்ந்தவர்களுள்ளும் ஆளுக்கொரு விதம். ஒரு கையால் மட்டும் இழுப்பது, நெற்றியை ஊன்றித் தள்ளுவது, தவளை போலத் தத்துவது என்று பல. ஊர்ந்து பழகிய பிள்ளைகள் முழங்காலில் எழும்பிய முதல் நாளே மற்றவர்களை விடக் கெதியாகத் தவழ்ந்தார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. வயிற்றில் மண்ணும் தூசியுமாகப் புரண்ட நாட்கள் வீண் போகவில்லை.

எமது முன்னோர் இதை அவதானியாமல் விடவில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகையில் பிள்ளையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரிப்பார்கள். அதிலே செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்துக்கு உரியது. இரு கையும் ஊன்றி, ஒரு காலை மடித்து, மறு காலை நீட்டித் தலை நிமிர்ந்து ஆடும் பிள்ளையைத்தான் அங்கே பாடுகிறார்கள். கைகொட்டும் சப்பாணிப் பருவம் ஒன்பதாம் மாதம். 'வா' என்றழைக்க நடந்து வரும் வருகைப் பருவம் பதின்மூன்றாம் மாதம். நபிகள் நாயகம் மீதும், இயேசு பிரான் மீதும் தமிழில் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். எந்த மதத்துப் பிள்ளையும் ஒரே மாதிரித்தான் கையூன்றுகிறது.

எந்த மாதத்தில்?

'எட்டாம் மாதம் தவழ வேண்டும்' என்று அடித்துச் சொல்பவர்களை நாமும் கண்டிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 பிள்ளைகளை நான்கு மாத வயதிலிருந்து தானாக நடக்கும் வரை அவதானித்து 2006இல் முடிவை வெளியிட்டது. நல்ல உணவும் தாய்ப்பாலும் கிடைத்த, நோயில்லாத பிள்ளைகளே அதற்குத் தெரிவு செய்யப்பட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குள்ளேயே கையும் முழங்காலும் ஊன்றித் தவழத் தொடங்கிய வயது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை விரிந்திருந்தது. பாதிப் பேர் எட்டரை மாதமளவில் தவழ்ந்துவிட்டார்கள். உதவியின்றி உட்கார்ந்த வயது 3.8 முதல் 9.2 மாதம் வரை. தனியே நடந்த வயது 8.2 முதல் 17.6 மாதம் வரை. 

இன்னொரு விடயத்தையும் அந்த ஆய்வு காட்டியது. 100 பிள்ளைகளில் நான்கு பேரளவில் முழங்காலில் தவழவே இல்லை. உட்கார்ந்தார்கள், பிடித்து நின்றார்கள், நடந்தார்கள். உட்காருதலும், நிற்றலும், நடத்தலும் அனைவருக்கும் பொது. தவழ்தல் மட்டும் சிலர் மிதிக்காமல் தாண்டிப் போகும் படி. இதனால்தான் அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் 2022இல் தாய் தந்தையருக்கான பட்டியலைத் திருத்தியபோது தவழுதலை அதிலிருந்து எடுத்துவிட்டது. அப்படி எடுத்தது சரியல்ல என்று வாதாடும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். தவழும் பிள்ளைக்குக் கையும் தோளும் பலம் பெறுகின்றன, தூரத்தை மதிக்கக் கண் பழகுகிறது என்பது அவர்கள் கட்சி. எமக்கு இரண்டும் நியாயமாகப்படுகிறது. தவழ்ந்தால் நல்லது, தவழாவிட்டால் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது.

உம்மம்மாவின் பேரனைப் போல உட்கார்ந்தபடி அரக்கிப் போகும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. இந்தப் பழக்கம் பல குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. தாய் அரக்கினால், அல்லது தகப்பன் அரக்கினால், பிள்ளையும் அரக்குவது சகஜம். அப்படியான பிள்ளைகள் நடப்பதும் சற்றுப் பிந்தும். சிலர் ஒன்றரை வயதைத் தாண்டியும் நடப்பார்கள். குப்புறப் படுக்க வைத்தால் கத்துவதும், தூக்கி நிறுத்தப் பார்த்தால் காலை முன்னே நீட்டி உட்காரப் பார்ப்பதும் இவர்களுடைய குணம்.

மாதம் எண்ணும்போது ஒரு கவனம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த திகதியிலிருந்து எண்ணக்கூடாது. பிறந்திருக்க வேண்டிய திகதியிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளையின் பத்தாம் மாதம், உண்மையில் எட்டாம் மாதமே.

கீழே விடாத தாய்மார்

இனி, உம்மம்மாவின் மனதில் கிடந்த கேள்விக்கு வருவோம். கீழே விடாமல் வளர்த்ததால் பிள்ளை கெட்டுவிட்டதா?

உலகத்தில் பிள்ளையைத் தரையில் விடாத சமூகங்கள் பல. பாப்புவா நியூகினியில் ஔ என்னும் மக்கள் பிள்ளையைத் துணியில் கட்டி உடம்போடு சுமப்பார்கள். இறக்கினால் உட்கார வைப்பார்களே தவிரக் குப்புற விடமாட்டார்கள். நிலத்தில் நோயும் புழுவும் இருக்கிறது என்பது அவர்களது காரணம். அங்கே பிள்ளைகள் தவழுவதில்லை. அரக்கி, பிறகு நடக்கிறார்கள். பரகுவே நாட்டுக் காட்டில் அலைந்து வாழ்ந்த ஆச்சே மக்கள் பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்து பிள்ளையை முதல் வருடத்தில் மடியைவிட்டு இறக்குவது அரிது. அந்தப் பிள்ளைகள் நடப்பது ஏறக்குறைய இரண்டு வயதில். ஆனால் வளர்ந்தபின் அவர்கள் மரம் ஏறுவதைக் கண்டு ஆய்வாளர்கள் வியந்திருக்கிறார்கள். தஜிகிஸ்தானில் 'கஹ்வோரா' என்ற மரத் தொட்டிலில் பிள்ளையின் கையையும் காலையும் துணியால் கட்டி மணிக்கணக்காகக் கிடத்துவது இன்றும் உள்ள வழக்கம். அந்தப் பிள்ளைகள் உட்காருவதும் தவழுவதும் பிந்துகின்றன. பின்னர் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடியாடித் திரிகின்றன.

இந்தத் தாய்மாரெல்லாம் அறியாமையால் அப்படிச் செய்தார்கள் என்று யாரும் சொல்வதற்கில்லை. அவரவர் நிலத்தில் அவரவர் கண்ட ஆபத்துக்கு ஏற்ப நடந்தார்கள். 1990இல் புத்தளத்து மணலில் சுள்ளியும் ஈரமும் தவிர வேறொன்றும் இல்லாத கொட்டிலில், பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காத தாயும் அப்படித்தான்.

தவழாத பிள்ளைக்கு வாசிப்பு வராது என்ற கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டோமன், டெலக்காட்டோ என்ற இருவர் இதை ஒரு கொள்கையாகவே பரப்பினார்கள். தவழ்தலைத் தாண்டிய பிள்ளையின் மூளை ஒழுங்காக அமையாது, அதனால் வாசிப்புக் கெடும், பெரிய பிள்ளையையும் திரும்பத் தவழப் பழக்கினால் குணமாகும் என்றார்கள். மணிக்கணக்காகப் பிள்ளையின் கை காலைப் பிடித்து அசைக்கும் சிகிச்சைக்குப் பல குடும்பங்கள் காசையும் காலத்தையும் கொட்டின. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 1982இலும், திரும்ப 1999இலும் இதை ஆராய்ந்து, ஆதாரம் இல்லை என்று அறிக்கையிட்டது. கொள்கை விழுந்தாலும் கதை மட்டும் கடல் கடந்து எமது கூட்டம் வரை வந்துவிட்டது.

அந்த மகள் எட்டாம் வகுப்புடன் நின்றதற்கு எமது மக்களுக்குத் தெரிந்த காரணங்களே போதும். மரத்தடியிலும் கொட்டிலிலும் வகுப்பு. இடம் போதாமல் பின்னேர வகுப்பு. ஒரு புத்தகத்துக்கு மூன்று பிள்ளைகள். வெங்காயம் கிண்டும் காலத்தில் கூலி வேலைக்கு ஆள் தேவை. இதில் முழங்காலுக்கு என்ன பங்கு?

இருந்தாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. இடமிருந்தால், பிள்ளையைக் கீழே விடுவதுதான் நல்லது. இன்று அநேக வீடுகளில் சீமெந்துத் தரை இருக்கிறது. இருந்தும் பிள்ளை பகல் முழுவதும் ஏணையிலோ, கதிரையிலோ, கையிலோ இருப்பதைக் காண்கிறோம். நித்திரைக்கு நிமிர்த்தியே கிடத்த வேண்டும், அதில் மாற்றமில்லை. விழித்திருக்கும்போது, யாராவது பக்கத்தில் இருக்க, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை சில நிமிடம் பாயில் குப்புற விட்டால் கழுத்தும் தோளும் பழகும். பிறந்த சில நாளிலிருந்தே தாயின் நெஞ்சில் கிடத்தி இதைத் தொடங்கலாம். அழுதால் தூக்குங்கள், பிறகு விடுங்கள். எண்ணெய் பூசி உருவிக் குளிப்பாட்டுவது பிள்ளைக்கும் பிடிக்கும், கைகாலுக்கும் நல்லது. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது கூடாது.

கடையில் விற்கும் சில்லு வைத்த 'வாக்கர்' பற்றிப் பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பியும் வருகிறது. அதில் பிள்ளை நடக்கப் பழகுவதில்லை. தொங்கிக்கொண்டு விரலால் உந்துகிறது. படியில் உருண்டும் அடுப்பில் மோதியும் நடந்த விபத்துகளால் கனடா 2004இல் அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. எமது பழைய மூன்று சில்லு நடைவண்டி வேறு. அது நிற்கப் பழகிய பிள்ளை தானாகத் தள்ளிப் போவது.

பயம் பிந்தித்தான் வரும்

கிணற்றடியைப் பற்றி எழுதாமல் இக்கட்டுரையை முடித்தால் நாம் எழுதியதே வீண்.

தவழும் பிள்ளைக்குப் பள்ளம் என்றால் பயம் பிறவியிலே இருக்கும் என்று நினைக்கிறோம். அது பிழை. முன்னர் சொன்ன அடொல்ஃப் இன்னொரு சோதனை செய்தார். ஏற்ற இறக்கம் மாற்றக்கூடிய சாய்வுப் பலகை ஒன்றில் பிள்ளைகளைத் தவழ விட்டார். தவழத் தொடங்கிய முதல் வாரங்களில் பிள்ளைகள் எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் யோசியாமல் தலைகீழாகப் பாய்ந்தார்கள், ஆய்வாளர் பிடித்துக்கொண்டார். பல வாரம் தவழ்ந்து பழகிய பின்னர் அதே பிள்ளைகள் விளிம்பில் நின்று, கையால் தடவிப் பார்த்து, முடியாததைத் தவிர்த்தார்கள். அடுத்து நடந்ததுதான் எம்மைத் திடுக்கிட வைத்தது. அதே பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதும் படித்ததையெல்லாம் மறந்ததுபோல மீண்டும் சரிவில் பாய்ந்தார்கள். ஒவ்வொரு புதிய நடைக்கும் பயத்தைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

எனவே பிள்ளை தவழத் தொடங்கும் முதல் மாதமும், நடக்கத் தொடங்கும் முதல் மாதமும் அதிக ஆபத்தான காலங்கள். 'இவ்வளவு நாளும் போகேல்லையே' என்ற வார்த்தையை நாம் ஒரு வீட்டு முற்றத்தில் கேட்டிருக்கிறோம். அந்த வீட்டைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

கற்பிட்டிக் குடாநாட்டில் நிலத்தடி நீர் ஆழமில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. பலவற்றுக்குக் கட்டில்லை, சிலவற்றில் கட்டு ஒரு சாண். குத்தகைத் தோட்டத்தில் கட்டுக் கட்டக் காணிக்காரர் சம்மதிக்காவிட்டால், குறைந்தபட்சம் பனைமட்டையாலோ பழைய வலையாலோ சுற்றி வேலி போடுங்கள். மூடிக்கு இரண்டு பலகை போதும். தோட்டத்தில் வேலை செய்யும்போது பிள்ளையை மரநிழலில் பாய் விரித்து விடுவதுதான் எமது வழக்கம். அந்தப் பாய்க்கும் கிணற்றுக்கும் நடுவில் ஓர் ஆள் இருக்க வேண்டும். பெரிய பிள்ளையைக் காவல் வைப்பதானால் அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது.

மருந்துப் போத்தல்கள் அடுத்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் கிருமிநாசினியைச் சோடாப் போத்தலில் பங்கு பிரித்து வாங்கிவந்து பாயின் தலைமாட்டில் வைக்கும் வீடுகள் இருக்கின்றன. தவழும் பிள்ளையின் கண்மட்டம் நிலத்திலிருந்து ஒரு முழம். அங்கிருந்து பார்த்தால் நீங்கள் மறைத்து வைத்தது எல்லாம் முன்னால் தெரியும். ஒருநாள் நீங்களே முழங்காலில் ஒரு சுற்று வந்து பாருங்கள். நாம் எமது அலுவலகத்தில் செய்து பார்த்தோம். மேசைக்கடியில் ஓர் எலிப் பொறியும் இரண்டு குத்தூசியும் கண்டெடுத்தோம். மருந்து அடித்துவிட்டு வந்தவர் உடுப்பு மாற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்னரே பிள்ளையைத் தூக்க வேண்டும். செத்தல் மிளகாய் கிள்ளிய கைக்கும் இது பொருந்தும். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது; அது சுவாசப்பைக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மண்ணெண்ணெய் என்றதும் குப்பி விளக்கு நினைவுக்கு வருகிறது. முகாம் காலத்தில் வெற்றுப் போத்தலில் திரி போட்ட விளக்கே எல்லாக் கொட்டிலிலும் எரிந்தது. தவழும் பிள்ளை தட்டினால் சரியும், உருளும், பாயில் பற்றும். விஜய கொடகும்புர என்ற இலங்கைச் சத்திரசிகிச்சை வைத்தியர் இப்படி எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்து, கட்டையாக, பாரமாக, இருபக்கமும் தட்டையாக, திருகு மூடியுடன் ஒரு விளக்கை வடிவமைத்தார். விழுந்தாலும் உருளாது; மூடி கழராது; எண்ணெய் சிந்தாது. அதற்காக அவருக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இன்று அநேக வீடுகளுக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் தோட்டக் காவல் கொட்டிலிலும் மின்வெட்டு இரவிலும் பழைய குப்பி திரும்ப எழும்புகிறது. அதை நிலத்தில் வைக்காதீர்கள்.

மண்ணைப் பற்றி ஒரு சொல். மண் தின்னாத பிள்ளை இல்லை. சிம்பாப்வே நாட்டுக் கிராமங்களில் பிள்ளைகளை மணிக்கணக்காக அவதானித்தவர்கள், மண்ணையும் கோழி எச்சத்தையும் வாயில் வைப்பதைக் கண்டார்கள். அதனால் விளையாட்டுப் பாயும் வேலிக்கூடும் கொடுத்து, மலசலகூடமும் கைகழுவும் வசதியும் அமைத்துப் பெரியதொரு பரீட்சை செய்தார்கள். 2019இல் வந்த முடிவு எல்லாருக்கும் ஏமாற்றம்: இவற்றால் பிள்ளைகளின் வளர்த்தி கூடவில்லை. மேலதிக உணவு கொடுக்கப்பட்ட பிள்ளைகளே சற்று உயர்ந்தார்கள். பாயை வெறுக்க வேண்டாம். ஆனால் பாய் சோறாகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் முடிந்ததும் பசைபோலக் கரைத்த சோற்றுடன் பருப்பு, கீரை, மீன், முட்டை. எமது கடலில் பிடிபடும் சின்ன மீனை முள் நீக்கி மசித்தால் அதைவிட நல்ல சாப்பாடு பேணியில் வராது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்திருக்கும். நகர மனமில்லாமல் இருக்கும்.

நாயும் பூனையும் படுக்கும் மணலில் கொக்கிப்புழுவின் குஞ்சு இருக்கும். தோலில் நுழைந்தால் சிவந்த கோடு நெளிந்து நெளிந்து ஓடும், கடி தாங்காது. தலவில அன்னம்மாள் திருவிழாவில் கூடாரமடித்துத் தங்கும் குடும்பங்களுக்கும் இதைச் சொல்கிறோம்: மணலில் தடித்த விரிப்புப் போடுங்கள். நெருஞ்சி முள்ளுக்கும் அதுவே காப்பு. (இயேசுவின் அம்மம்மாவான அன்னம்மாளின் சந்நிதியில் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுவது பொருத்தமே.)

எப்போது காட்ட வேண்டும்?

தவழவில்லை என்பதற்காக ஓட வேண்டாம். ஆனால் ஒன்பது மாதம் முடிந்தும் பிடிக்காமல் உட்காரவில்லை என்றால் காட்ட வேண்டும். ஒரு வயதாகியும் தவழவோ ஊரவோ அரக்கவோ உருளவோ எந்த விதத்திலும் இடம் பெயராவிட்டால் காட்ட வேண்டும். ஒரு பக்கக் கையையோ காலையோ எப்போதும் இழுத்துக்கொண்டு போனால், வயது எதுவானாலும் காட்ட வேண்டும். இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம், அல்லது ஒரு பக்கம் பலம் குறைந்திருக்கலாம். உடம்பு துணிபோலத் துவண்டாலும், கட்டைபோல விறைத்தாலும், முன்னர் செய்ததைப் பிள்ளை இப்போது செய்யாமல் விட்டாலும் தாமதிக்கக்கூடாது. ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டால், அரக்கும் பிள்ளையானாலும் ஒருமுறை வைத்தியர் பார்க்கட்டும். முந்தி அறிந்தால் பயிற்சியால் திருத்தக்கூடியவை அதிகம்.

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போகத் தேவையில்லை. ஒன்பது மாதத்தில் எம்.எம்.ஆர். ஊசிக்குக் கிளினிக்குக்குப் போகத்தானே வேண்டும். பிள்ளையின் கிளினிக் காட்டில் நிறை எழுதும் பக்கம் மட்டுமல்ல, வளர்ச்சிப் படிகளைக் குறிக்கும் பக்கமும் உண்டு. அதை வீட்டிலேயே நிரப்பிக் கொண்டு போங்கள். வெங்காயம் கிண்டும் வாரம் என்று கிளினிக்கைத் தவறவிடுவதும், பழைய ஊருக்குப் போய்வரும்போது காட்டை அங்கேயே விட்டுவருவதும் எமது குடும்பங்களில் அடிக்கடி நடக்கிறது. முசலியிலும் புத்தளத்திலுமாக இரண்டு வீடு வைத்திருக்கும் குடும்பங்கள் காட்டைப் பிள்ளையோடு கொண்டு திரிய வேண்டும்.

அந்த உம்மம்மாவின் பேரனைக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்தார். நன்றாக உட்காருகிறான், இரண்டு காலும் ஒரே மாதிரி உதைக்கிறது, கதிரையைப் பிடித்து நிறுத்தினால் சில நிமிடம் நிற்கிறான், பெயர் சொன்னால் திரும்புகிறான். ஒரு வயதில் மறுபடி பார்ப்போம் என்று காட்டில் எழுதிவிட்டு, தாயையும் ஒரு பார்வை பார்த்து, "நீங்களும் இப்பிடித்தானே போனீங்களாம்" என்று கேட்டாராம்.

அடுத்த கூட்டத்துக்கு நாம் போனபோது உம்மம்மா வாசலில் நின்றார். பையன் உள்ளே சீமெந்துத் தரையில் அரக்கி அரக்கி, கணக்குப் புத்தகம் வைத்திருந்த பாய் வரை வந்து, தலைவியின் பேனையை எடுத்துக்கொண்டான். யாழ்ப்பாணத்துப் பெண்ணொருவர், "எங்கட ஊரில பல்லுக்கொழுக்கட்டை கொட்டி, முன்னால பேனை, புத்தகம், நகை எல்லாம் வச்சுப் பாப்பினம். பேனை எடுத்தா படிக்கிற பிள்ளையாம்" என்றார். உம்மம்மா எதுவும் சொல்லவில்லை. பேனையின் மூடி வாய்க்குள் போகுமுன் அதை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு, பேனையை அவன் கையிலேயே விட்டார்.